வலிக்காத கால்

என் எழுத்தைப் படிப்பவர்கள் சிரமப்படுவார்கள் என்று தெரியும். அதற்கு முதலிலேயே வருத்தம் சொல்லிக்கொள்கிறேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ‘ர’ எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்று இன்றும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறேன். கோடு போட்ட தாளில் எழுதியும் வரிகள் மேட்டைப் பார்த்து ஏறிப்போகின்றன. தப்பு இருந்தால் அதைத் தாண்டிப் போய் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் என் மனைவியின் தம்பியுடைய முழங்கால்.

மூணாறுப் பக்கம் சித்திரபுரத்துக்கு மேலே உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டில் எனக்கு ஆஸ்பத்திரி வேலை. டிரஸ்ஸர் கட்டுப் போடும்போது காலைத் தூக்கிப் பிடிப்பது, ஸ்ட்ரெச்சர் சுமப்பது, பேண்டேஜ் துணியைத் துவைத்துக் கம்பியில் காயப்போடுவது. இதோடு எஸ்டேட் கால்பந்து டீமுக்குக் கால் பிடித்துவிடுகிற வேலையும் சேர்ந்துகொண்டது. யாரும் கொடுத்த வேலை இல்லை. ஒரு தடவை ஒருவனுக்குப் பிடித்துவிட்டேன். அடுத்த மேட்சுக்கு எல்லோரும் என் முன்னால் காலை நீட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் பந்து விளையாட்டு என்பது வெறும் விளையாட்டு அல்ல. மழை முடிந்ததும் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் போட்டி. நன்றாக ஆடுகிறவனைத் தேயிலைக் காட்டு வேலையிலிருந்து எடுத்து பாக்டரிக்குள் போடுவார்கள். முதலில் டெம்பரவரி. இரண்டு மூன்று சீசன் ஒழுங்காக ஆடினால் பெர்மனண்ட். பாக்டரி என்றால் தலைக்கு மேல் கூரை, தேயிலை காய்கிற டிரையரின் சூடு, அட்டைக்கடி கிடையாது. ஆடுவது நின்றால் திரும்பக் காடுதான். என் மச்சினன் டிரையர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தான். அடுத்த சீசன் முடிந்தால் பெர்மனண்ட் என்று எஸ்டேட்டை நிர்வாகம் செய்கிற துரை மைதானத்திலேயே எல்லோர் காதிலும் விழச் சொல்லியிருந்தார். பெர்மனண்ட் ஆனதும் கல்யாணம் என்று அவனும், பெண் வீட்டுக்காரர்களும் இருந்தார்கள்.

அவனும் நானும் மட்டும்தான் லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். என் மனைவி அதற்கு முந்தின வருஷத்து மழையில் இறந்துவிட்டாள்.

அவள் கொழுந்து எடுத்தவள். வயிற்று நோவு வெகுநாளாக இருந்திருக்கிறது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் நின்று உடம்பு சரியில்லை என்றால் டிரஸ்ஸரிடம் அனுப்புவார்கள். அவர் அமுக்கிப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால் அன்றைய வேலையும் போச்சு, சூப்பர்வைசர் வாயிலும் விழ வேண்டும். அதனால் அவர் சொல்வதற்கு முன்னால் நாங்களே சொல்லிவிடுவோம். வலிக்கிறதா என்று யார் கேட்டாலும், டாக்டர் கேட்டாலும், புருஷன் கேட்டாலும், “ஒண்ணுமில்ல.” இப்போதுதான் பேச்சு வந்த பிள்ளை கூட அப்படித்தான் சொல்லும். அவளும் அதைத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைப் பிடித்தது நான்தான். பிறகு மூணாறுக்குக் கொண்டு போனோம். அங்கே முடிந்தது.

அழுதேனா என்று நினைவில்லை. பேண்டேஜ் துவைத்தது நினைவிருக்கிறது. மழையில் அது காயவே இல்லை.

அடுத்த வருஷம் மழை தொடங்கும்போது துரை கூப்பிட்டு அனுப்பினார். வராந்தாவில் நின்றேன்.

“பாலக்காட்டுல ஒரு ஆஸ்பத்திரியில விளையாட்டுக் காயத்துக்குன்னே மேல்பயிற்சி தொடங்கியிருக்காங்க. முதலுதவி படிச்சவங்களை எடுக்கறாங்க. நீ போ” என்றார்.

“எனக்குப் படிப்பு இல்லீங்க.”

“கையால செய்யற படிப்புதான். டீம்ல பாதிப் பேரு காலை இழுத்துக்கிட்டு நடக்கறான். சீசனுக்குள்ள கத்துக்கிட்டு வா. அப்புறம் யார் ஆடலாம், யார் ஆடக்கூடாதுன்னு நீ சொல்லு. நான் கேட்கறேன்.”

எனக்குச் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. சரி என்றேன். 

பஸ் ஏறுகிற அன்று மச்சினன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கோடையில் ஒரு பழக்க மேட்சில் விழுந்திருந்தான். யாரும் இடிக்கவில்லை. ஓடிக்கொண்டே திரும்பியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “சுள்ளி ஒடிஞ்ச மாதிரி ஒரு சத்தம் அத்தான்” என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னான். பொழுது சாய்வதற்குள் முட்டி பன் மாதிரி வீங்கியது. நான் எண்ணெய் போட்டுப் பிடித்தேன். சில வாரத்தில் வடிந்தது. பஸ்ஸடியில் அவன் நடையில் குறை ஒன்றும் தெரியவில்லை.

“பெரிய டாக்டரா வாங்க அத்தான். வந்ததும் மொதல்ல என் காலைப் பாக்கணும், ஆமா” என்றான்.

“கால் எப்படி இருக்கு மாப்ள?”

“ஒண்ணுமில்ல.”

பாலக்காட்டில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கூடம். அங்கேதான் பயிற்சி. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கல்பாத்திப் பக்கத்து அம்மா. என்னைவிட வயதில் ரொம்ப இளையவர். சென்னையில் இதைப் படித்துவிட்டு வந்தவர். எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டோம். வகுப்பு மலையாளத்தில் நடக்கும். எனக்காக நடுநடுவே தமிழில் சொல்வார், அவர்கள் வீட்டுத் தமிழில். எனக்கு அதில் பாதிதான் முதலில் புரிந்தது.

கூடப் படித்தவர்களில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரர், பாலக்காட்டை அடுத்த சித்தூர்க்காரர். ஒரு மில்லின் பந்து டீமுக்கு வேலை செய்தவர். வாய் ஓயாத மனிதர்.

“ஏனுங்ண்ணா, நானும் வந்ததிலிருந்து பாக்கறேன், வாயவே தொறக்க மாட்டீங்கறீங்க. உங்க எஸ்டேட்டுல பேசறதுக்கும் துரைகிட்ட லீவு கேக்கோணுமுங்களா?” என்று முதல் வாரமே கேட்டார்.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். “அதோ சிரிச்சுட்டாருங்க, எல்லாருக்கும் முட்டாய் கொண்டாங்க” என்று கூடம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

எனக்குப் பெரிய கஷ்டம் தெரியாத ஆளைத் தொடுவது. எஸ்டேட் பையன்களின் கால் வேறு. அங்கே வந்தவர்களில் போலீஸ்காரர் இருந்தார், காலேஜில் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள், ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிற ஒரு பெண் கூட வந்தாள். கையை வைப்பேன், உடனே எடுத்துவிடுவேன்.

“ஏன் கையை எடுக்கறேள்? அது என்ன அடுப்பா?” என்பார் டீச்சர். “நன்னா முழுக் கையையும் வையுங்கோ. பயந்த கை பட்டா தசையும் பயந்துக்கும், கேட்டேளா?”

படிப்பு இல்லாததால் மற்றவர்கள் எழுதுகிற நேரத்தில் என்னை மேசையில் படுக்க வைத்து என் உடம்பில் பாடம் காட்டுவார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. பேச வேண்டியதில்லை. ஒரு நாள் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பட்டதும் ‘ம்’ சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. பிறகு குண்டூசி முனையால் தொட்டார்கள். அதற்கும் சொல்லவில்லை.

டீச்சர் அருகில் வந்தார். “உணர்ச்சி இல்லையா?”

“இருக்குங்க.”

“பின்னே ஏன் சொல்லலை?”

எனக்கும் தெரியவில்லை. தொட்டது தெரிந்தது. சொல்லலாம் என்பதும் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அது நின்றுவிட்டது. சித்தூர்க்காரர், “அவரு துரைக்குத் தந்தி குடுத்திருக்காருங்க டீச்சர், பதில் வந்தா சொல்லுவாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பனிக்கட்டி பாடம் அதற்கு அடுத்து வந்தது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை அடிபட்ட இடத்தில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் குளிரும். பிறகு எரியும். பிறகு நோகும். பிறகு மரத்துப்போகும். “மரத்ததும் மதி, போறும். அதுக்கு மேலே வெச்சுண்டே இருந்தா தோல் கெட்டுப்போகும்” என்றார் டீச்சர். தேய்க்கிறவன் விரலும் சேர்ந்து மரக்கும். சாயங்காலம் சோற்றைப் பிசையும்போது அது யாருடைய விரலோ மாதிரி இருக்கும்.

எனக்குப் பிடித்த பாடம் என்று ஒன்று இருந்ததென்றால் அது கால்களைப் பார்க்கிற முறை. வருகிறவன் எந்தக் கால் வலி என்று சொன்னாலும் அதைத் தொடக்கூடாது. வலிக்காத காலை முதலில் பார்க்க வேண்டும். எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு ஆடுகிறது, தொடை எவ்வளவு பருமன். அவனவனுக்கு எது இயல்பு என்பதை அவனுடைய நல்ல கால்தான் சொல்லும். அதற்குப் பிறகுதான் அடிபட்ட கால். எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நோகிற இடத்தில் நேராகக் கட்டைவிரலை வைத்து அமுக்குவோம், அவன் ஒண்ணுமில்ல என்பான், அவ்வளவுதான்.

மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு நாளில் காலேஜ் பையன் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தான். பந்தாட்டத்தில் திரும்பும்போது விழுந்தானாம். யாரும் இடிக்கவில்லையாம். “ஒரு சத்தம் கேட்டுது” என்று மலையாளத்தில் சொன்னான். அன்றே வீங்கி, பிறகு வடிந்து, இப்போது நன்றாக நடக்கிறானாம். ஆனால் திடீரென்று சில நேரம் கால் தன்னை விட்டுப் போகிறதாம்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டார். பையனைப் படுக்கவைத்து முழங்காலை மடக்கி, பாதத்தை மேசையில் பதிய வைத்தார். அந்தப் பாத விரல்களின் மேல் என்னை உட்காரச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “உட்காருங்கோ, பாதம் நகரப்படாது” என்றார். உட்கார்ந்தேன். முட்டிக்குக் கீழே இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். முதலில் வலிக்காத கால். இழுத்த இடத்தில் கெட்டியாக நின்றது. பிறகு மற்றது. இழுத்ததும் கீழ்க்கால் எலும்பு முன்னால் வந்தது, பூட்டாத மேசை இழுப்பறையை இழுத்த மாதிரி. உள்ளே தடுக்கிற பொருள் ஒன்றும் இல்லை.

“உள்ளே ஒரு நார் இருக்கு. அது அறுந்துபோச்சு. நேரா நடக்கலாம், நேரா ஓடலாம். திரும்பறதுதான் ஆபத்து. திரும்பித் திரும்பி ஆடினா உள்ளே இருக்கிற சவ்வும் கிழிஞ்சு, கால் மடங்கினபடியே பூட்டிக்கும். அப்பறம் படிகூட ஏற முடியாது.”

என் கை இன்னும் பையனின் காலிலேயே இருந்தது. எனக்கு மச்சினன் சொன்ன சுள்ளி ஞாபகம் வந்தது.

எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் கேட்டேன். நானாகப் போய்க் கேட்ட முதல் கேள்வி அது. “அது திரும்ப ஒட்டுங்களா?”

“தானா ஒட்டாது. மெட்ராஸ்ல ஆபரேஷன் செய்யறா. செஞ்சாலும் பந்து விளையாடலாம்னு யாரும் வாக்குக் கொடுக்க மாட்டா. தொடைத் தசையை நன்னா பலப்படுத்தினா ஆயுசுக்கும் வேலை செஞ்சு சாப்பிடலாம். பந்து வேண்டாம்.” என்னைப் பார்த்தார். “உங்க ஆள் யாராவது உண்டோ?”

“ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

ஊருக்கு ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். கையால் பார்க்காமல் என்ன சொல்வது? மீதிப் பயிற்சி நாட்கள் போயின. மணல் பை கட்டிக் காலைத் தூக்குகிற பயிற்சி, கணுக்காலுக்குப் பட்டை ஒட்டுவது, சூடு கொடுக்கிற மெழுகு. கடைசியில் எல்லோரையும் தனித்தனியாகச் செய்துகாட்டச் சொன்னார்கள். என்னைத் தேறினவன் என்றார்கள். சித்தூர்க்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, “இனி எஸ்டேட்டுல நீங்கதானுங் காலுக்கெல்லாம் துரை” என்றார். 

திரும்பி வந்தபோது எஸ்டேட் சீசன் பேச்சாகவே இருந்தது. மச்சினன் பஸ்ஸடிக்கு வந்திருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். நேர்ப்பாதையில் அவன் நடையில் ஒன்றும் இல்லை. லயத்துப் படி வளைகிற இடத்தில் மட்டும் வலது காலை ஊன்றித் திரும்பாமல், சின்னச் சின்னதாக நாலு எட்டு வைத்துத் திரும்பினான். பின்னால் வந்த நான் அதைப் பார்த்தேன்.

எங்கள் டீமில் ஒரு வழக்கம் இருந்தது. அடிபட்டுத் தேறினவன் மறுபடி ஆட வரும்போது கொழுந்து நிறுக்கிற கொட்டகையை அந்தக் காலாலேயே நொண்டியடித்துச் சுற்றி வர வேண்டும். பெண்கள் கொழுந்து மூட்டையோடு நிற்பார்கள், பாக்டரி ஆட்கள் ஜன்னலில் நிற்பார்கள். சுற்றி முடித்தால் ஆடலாம். இதை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அடுத்த நாள் மாலை அவன் முறை. துரை ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். மச்சினன் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலில் நின்றான், இடது காலை மடக்கினான். கிளம்பினான். கொட்டகையின் நீளப் பக்கம் முழுக்க ஒரே வேகம். மூலையில் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டான். அதை யாரும் குறையாக எடுக்கவில்லை, எல்லோரும் தூணைப் பிடிப்பார்கள். சுற்றி வந்து நின்றதும் கைதட்டல்.

“காலா அது, ஸ்பிரிங்குல்ல!” என்றாள் ஒரு அக்கா, மூட்டையைக் கீழே வைக்காமலே. 

“கட்டிக்கப் போறவகிட்ட சொல்லுங்க மதினி” என்றான் டீம் கேப்டன்.

துரை என்னைப் பார்த்தார். “இனி என்ன?”

“மேசையில பாக்கணுங்க” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் இன்னொரு முறை கேட்டார், இன்னொரு முறை சொன்னேன்.

ஆஸ்பத்திரியின் உள்ளறையில் அவனும் நானும் மட்டும். வெளியே திண்டில் டீம் முழுக்க உட்கார்ந்திருந்தது. அவன் மேசையில் படுத்துக்கொண்டு சிரித்தான். “டாக்டரே, எந்தக் கால்னு தெரியுமில்ல?”

நான் இடது காலைப் பிடித்தேன்.

“அது இல்ல அத்தான், இது.”

“தெரியும். மொதல்ல இது. வலிக்காத கால்தான் மொதல்ல.”

இடது தொடையைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன், பிறகு வலது தொடையை. வலது இளைத்திருந்தது. இடது காலை மடக்கி, பாத விரலில் உட்கார்ந்து இழுத்தேன். நின்றது. எழுந்து மறுபக்கம் போய் வலது பாதத்தில் உட்கார்ந்தேன். சுற்றிப் பிடித்தேன். தசை கல் மாதிரி இறுகியது. கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்தேன். தசை தளர்ந்ததும் இழுத்தேன்.

வந்தது. அந்தக் காலேஜ் பையனுடையதை விட அதிகமாக வந்தது.

“வலிக்குதா மாப்ள?”

“ஒண்ணுமில்ல.” அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அடியில் அவன் பாத விரல்கள் மேசையைப் பிறாண்டின.

“இது எத்தனை தடவ உன்ன விட்டுப் போச்சு?”

“ஒரு தடவயும் இல்லங்கேன்ல.”

நான் எழுந்தேன். வாளியில் கை கழுவினேன். உள்ளே என்ன அறுந்திருக்கிறது, ஆடினால் என்ன ஆகும் என்று டீச்சர் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் அவனிடம் பேசியதில்லை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்தவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“அத்தான், இந்த ஒரு சீசன். முடிஞ்சதும் பெர்மனண்ட். அப்புறம் நான் பந்தைத் தொட்டா ஏன்னு கேளுங்க. நீங்க வெளிய போயி தலைய ஆட்டினாப் போதும். வாயத் தொறந்து கூடச் சொல்ல வேண்டாம்.”

“ஒரு மேட்சுல போயிரும் மாப்ள.”

“போனா எங் காலுதான?”

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“எங்கக்கா இருந்தா இப்படிச் செய்ய விட்டிருப்பாளா?” என்றான்.

“அவளும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னா” என்றேன்.

அவன் என் கையை விட்டுவிட்டான். மேசையிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினான். செருப்பு கொட்டகையில் கிடந்தது. வெறுங்காலோடு பின்வாசல் வழியாகப் போனான்.

வெளியே வந்து ஜீப்போடு காத்திருந்த துரையிடம், “ஆடக்கூடாதுங்க” என்றேன்.

“சுத்தி வந்ததை நானே பார்த்தேனே.”

“நேரா நொண்டினானுங்க, மூலையில தூணைப் பிடிச்சுத்தான் திரும்பினானுங்க. ஆட்டத்துல திரும்பணுங்க.”

“ஒரு ரெண்டு மேட்ச்?”

“ஒரு மேட்சும் கூடாதுங்க.”

துரை கொஞ்ச நேரம் ஜீப்பின் மேல் தாளம் போட்டார். சொன்ன சொல் அவருக்கு நினைவிருந்தது. “சரி” என்று ஏறிப் போனார். கேப்டன் என்னைப் பார்க்காமல் திண்டைப் பார்த்துச் சொன்னான்: “படிக்க அனுப்பினது டீமுக்கு ஆள் சேக்கவா, ஆளக் கழிக்கவா? நாளைக்கு எங் காலைத் தொட வந்தா ஓடிருவேன் சாமி.” சிலர் சிரித்தார்கள். நான் உள்ளே போய் மேசை விரிப்பை மாற்றினேன்.

அவன் இடத்தில் பக்கத்து டிவிஷன் பையன் ஆடினான். டிரையர் பக்கத்து வேலையும் அந்தப் பையனுக்குப் போனது. இவன் திரும்பக் காட்டுக்குப் போனான், கவாத்து வெட்ட. அங்கே சரிவு. ஒவ்வொரு செடிக்கும் கால் மாற்றி நிற்க வேண்டும், திரும்ப வேண்டும். பந்துக்குக் கூடாது என்று நான் சொன்ன முட்டி அங்கே பகல் முழுக்க என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும். சரிவில்லாத வேலை கேட்டு அவனுக்காகக் காட்டில் வேலை பிரிக்கிற கண்டக்டரிடம் போனேன். “ஆஸ்பத்திரிக்காரன் சொல்லி வேலை பிரிக்க முடியுமா?” என்று அனுப்பிவிட்டார். எங்கள் டீம் அந்த வருஷம் கடைசி ஆட்டத்துக்கு முன்னாலேயே தோற்று வெளியே வந்தது. அவன் இருந்திருந்தால் என்று சொல்லாதவர்கள் இல்லை. இருந்திருந்தால் என்ன என்று இன்று வரை யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கை அறிந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். பெண் வீட்டுக்காரர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரே வீட்டில் இருந்தோம். நான் ஆக்கி வைத்தால் எடுத்துச் சாப்பிடுவான், தட்டைக் கழுவிக் கவிழ்ப்பான். பேச்சு இல்லை. காலில் கட்டித் தூக்குவதற்கு மணல் பை ஒன்று தைத்து அவன் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். எடுத்தானா இல்லையா என்று பார்க்கவில்லை. எனக்குக் கோபமும் இல்லை, வருத்தம் என்று பெயர் வைக்கக்கூடியதும் இல்லை. கால்களைப் பார்த்தேன், கட்டினேன். கேப்டனே ஒரு நாள் கணுக்கால் பிசகி வந்தான். வலிக்காத காலை முதலில் பிடித்ததும், “இதென்ன சடங்கு?” என்றான். வேலையைச் செய்தேன். சரியாகிப் போனான்.

மாசி பிறப்பதற்குள் மச்சினன் வேலையை விட்டுவிட்டான். மறையூரில் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் ஆள் வேண்டுமாம் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனான். அங்கே பூமி சமதளம்.

நான் போனது ஒரு வருஷம் கழித்து. யாரும் அழைக்கவில்லை. விடுமுறை நாள், மூணாறிலிருந்து மறையூர் பஸ் நின்றுகொண்டிருந்தது, ஏறினேன். இறங்கிக் கரும்புக் காட்டுக்குள் புகையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஓலைக் கொட்டகைக்குள் பெரிய கொப்பரை. அவன் நீளமான துடுப்பால் பாகைக் கிண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் திரும்பி ஏதோ எடுத்தான், சின்னச் சின்னதாக நாலு எட்டு வைத்து.

என்னைப் பார்த்தான். கிண்டுவதை நிறுத்தவில்லை, பாகு அடிப்பிடித்துவிடும். “உக்காருங்க” என்றான். கரும்புச் சக்கை காயப்போட்டிருந்த குவியலில் உட்கார்ந்தேன். பாகு இறக்கி, ஆறவைத்து, மற்றவர்கள் உருண்டை பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் வந்தான். இலையில் கொஞ்சம் இளஞ்சூடு வெல்லம் கொடுத்தான். தின்றேன். சூடு விரலில் பட்டது.

“கால் எப்படி இருக்கு மாப்ள?”

“ஒண்ணுமில்ல.”

நான் தலையாட்டினேன். கரும்பு வண்டி ஒன்று வந்து நின்றது. மாடு தலையைச் சிலுப்பியது. கொட்டகைக்காரர் யாரையோ திட்டினார்.

“திரும்பினா போவுது அத்தான்” என்றான். என்னைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்துச் சொன்னான். “ராத்திரி நோவும். மழ நாள்ல ரொம்ப.”

எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. விரலில் ஒட்டிய வெல்லத்தை வேட்டியில் துடைத்தேன்.

“இப்படி நீட்டு, பாக்குதேன்” என்றேன்.

அவன் சக்கைக் குவியலில் சாய்ந்து காலை மடக்கி என் பக்கம் வைத்தான். இடது கால். வலிக்காத கால்.

நான் அதன் பாதத்தின் மேல் உட்கார்ந்து பிடித்தேன்.

நேற்றுத்தான் போய்விட்டு வந்தேன். இன்று மாசி ஏழு, 1978.